மீதி ஒன்பது கிலோ

"அண்ணே, ஆர்-11 கணக்குல பாத்தா அரைக் கிலோகூட வராது. விடுங்கண்ணே."

கப்பல்களின் குளிர்சாதனத்தைப் பழுதுபார்ப்பது என் வேலை. அந்தத் தூத்துக்குடிப் பையன், கப்பலின் செகண்ட் இன்ஜினியர், மீதி கேஸைக் காற்றில் விடச் சொன்ன கணக்கு சரிதான். கப்பலின் குளிர்சாதனத்தில் இருந்த கேஸ் ஆர்-22. அது ஓசோனைக் கெடுக்கும் அளவு, ஆர்-11 என்ற இன்னொரு கேஸை ஒன்று என்று வைத்தால் 0.055. கேஸைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டன்சரில் வெல்டிங் வேலை, கேஸ் முழுவதையும் எடுத்தாக வேண்டும். 22 கிலோவில் என் சிலிண்டர் நிறைந்துவிட்டது, இன்னும் ஒன்பது கிலோ மீதி. 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. அடுத்த சிலிண்டர் பட்டறையில் இருந்தது. மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் மாலை நெரிசலில் போய்வர இரண்டு மணி நேரம். விடிகாலையில் கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுபோகும் பைலட் ஏறுகிறார்.

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் தம்பி என்றும் சொல்லவில்லை. மணியைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவன் ஹோஸை டெக்குக்கு இழுத்துப் போய் வால்வைத் திறந்தான். ஹோஸ் முழுக்க வெள்ளையாகப் பனி படர்ந்தது. கேஸோடு வந்த எண்ணெய் தரையில் சிதறியது. வால்வைத் திறந்தது அவன். குனிந்து துடைத்தது நான்.

ஒழுகும் பழைய கப்பல்களில் ஒரே பயணத்தில் இதைவிட அதிகம் போவதை நானே நிரப்பிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் கசிவு. ஆனால் பழுதுபார்க்கும்போது திறந்துவிட்டால், கப்பல்கள் மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் ஆறாம் இணைப்பு 12-ஆம் விதிப்படி அது வேண்டுமென்றே விட்டது. கேஸைத் திரும்பப் பிடிக்கையில் தப்பும் துளிக்குத்தான் விலக்கு. ஒன்பது கிலோ துளியா? ஓசோனை விடுங்கள், வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் ஆர்-22 கரியமில வாயுவைப்போல் சுமார் 1,800 மடங்கு. பதினாறு டன்னுக்குச் சமம். அவன் கணக்குக்கு இந்தக் கணக்கை நான் அங்கேயே சொல்லியிருக்கலாம்.

கப்பலின் ரெக்கார்ட் புக்கில் அவன் 'கசிவு, 9 கிலோ' என்று எழுதினான். என் ரிப்போர்ட்டில் '22 கிலோ எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காவடிக்கு விரதம் இருந்த ஏழாம் நாள் அது. எழுதியதில் பொய் இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இப்போது வண்டியில் எப்போதும் இரண்டு காலிச் சிலிண்டர் இருக்கிறது. சிலிண்டர் இல்லாததுதான் காரணமா என்பதில்தான் சந்தேகம். வேறொருவர் இங்கே பேசும் கிரியோல் மொழியில் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். அவன் 'அண்ணே' என்றான்.

இறங்கும்போது ஒரு மக்ரூன் பொட்டலம் கொடுத்தான், வீட்டிலிருந்து வந்ததாம். முட்டை சேர்ந்தது, விரதம் முடியட்டும் என்று எடுத்துவைத்தேன். காவடி எடுத்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பிரிக்கவில்லை.