ஈய அங்கியும் விண்வெளிக் கையுறையும்: றப்பரைக் காப்பாற்றும் வேலை

பழைய மருத்துவப் பாதுகாப்பு உடைகளும் விண்வெளி உடைகளின் பாகங்களும் சேர்க்கிறேன் என்றால், மட்டக்களப்பில் எல்லாரும் கேட்பது "எவ்வளவு காசு போகுது?" என்றுதான். வாங்குவதைவிட, வாங்கிய பொருளின் றப்பரை இந்த வெக்கையிலும் உப்புக்காற்றிலும் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு.

காத்தான்குடியில் பழைய இரும்பு வாங்கும் நானா ஒருவர் போன் எடுத்து, "தம்பி, ஆஸ்பத்திரியில போடுற பாரமான கோட் ஒண்டு வந்திருக்கு" என்றார். போய்ப் பார்த்தால் எக்ஸ்றே எடுப்பவர்கள் அணியும் ஈய அங்கி, கூடவே முழங்கை வரை வரும் கையுறைகள். வலைக்கு ஈயமணி வார்க்கலாம் என்று யாரோ விலை பேசியிருந்தார்களாம். அங்கிக்குள் தகடு கிடையாது, ஈயத்தூளை றப்பரோடு கலந்து செய்தது, எரித்தால் நச்சுப்புகைதான் வரும் என்று விளங்கப்படுத்தினேன். நிறைக்கு உள்ள காசை மட்டும் வாங்கிக்கொண்டு தந்துவிட்டார்.

றொன்ட்ஜன் 1895இல் எக்ஸ்றேயைக் கண்டுபிடித்த பிறகு, பலர் வெறுங்கையோடுதான் அதில் வேலை செய்தார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கைகளை இழந்து, 1904இல் புற்றுநோயால் இறந்தார். இப்படி இறந்தவர்களுக்காக 1936இல் ஹம்பர்க்கில் நினைவுக்கல் நாட்டியபோதே அதில் 169 பெயர்கள். ஈயக் கையுறையைத் தொடும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான்.

சரி, துப்புரவுக்கு வருவோம். அங்கியை யாரோ இடுப்போடு மடித்து வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். மடிப்பு நெடுகிலும் றப்பர் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளைத் தூள். அதில் ஈயம் இருக்கலாம் என்பதால் கையுறையும் மாஸ்க்கும் போட்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். விளக்குமாறு போட்டால் தூள் பறக்கும். பிறகு மெல்லிய சவர்க்கார நீரால் துடைத்து நிழலில் உலர்த்தினேன். பக்கத்து வீட்டு மாமி தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னா. எண்ணெய் பட்டால் இயற்கை றப்பர் ஊதி இளகிவிடும், வேண்டாம்.

வெளியே தெரியாத வெடிப்பும் இருக்கும். தெரிந்த ரேடியோகிராபர் ஒருவர் அங்கியையே எக்ஸ்றே எடுத்துக் காட்டினார். ஈயம் மறைத்த இடமெல்லாம் வெள்ளை, இடுப்புக்குக் குறுக்கே மட்டும் கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டு வழியாகக் கதிர் நேரே உள்ளே போயிருக்கும். இனி அதை யாரும் போட முடியாது, பார்க்க மட்டும்தான்.

இப்போது தடித்த கம்பில் தொங்குகிறது. மடிப்பதே இல்லை. பொறி பறக்கும் மின்மோட்டார் பக்கமும் வைப்பதில்லை, அந்தப் பொறியில் உண்டாகும் ஓசோன் வாயு றப்பரை வெடிக்க வைக்கும். மார்கழி மழைக்கு முன்னரே, ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் சிலிக்கா ஜெல்லை மாற்றிவிடுவேன்.

சொகோல் என்ற ரஷ்ய விண்வெளி உடையின் கையுறை ஒன்றும் என்னிடம் இருக்கிறது. 1971இல் சோயுஸ் 11 விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது வால்வு ஒன்று திறந்து காற்று வெளியேறி மூன்று வீரர்கள் இறந்தார்கள். காற்று போனாலும் உயிரைக் காக்கும் அழுத்த உடை யாரிடமும் இல்லை. அதற்குப் பிறகுதான் சொகோல் வந்தது, 1973இல் சோயுஸ் 12இலிருந்து. என் பார்சல் சுங்கத்தில் நின்று, இது என்ன என்று கேட்டுக் கடிதம் வந்தது. படத்தோடு விளக்கம் எழுதி அனுப்பினேன், வரி கட்டி எடுத்தேன்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமே இந்தப் பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டுகிறது. ஆம்ஸ்ட்ரோங் நிலவில் அணிந்த உடையின் உள் றப்பரும் விறைத்துப் போனது. பல வருடம் பராமரித்து, 2019இல் குளிரும் ஈரமும் கட்டுப்படுத்திய கண்ணாடிப் பெட்டியில் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லை. இறுக மூடும் பெட்டி, ஈரமானி, சிலிக்கா ஜெல், இவ்வளவும்தான். ஆனாலும் கையுறையின் விரல்கள் இன்னும் மடங்குகின்றன.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் கால நச்சுவாயு முகமூடி கிடைத்தால் போட்டுப் படம் எடுக்காதீர்கள். பிரித்தானிய முகமூடிகளின் வடிகட்டியில், மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் உண்டு. பொலித்தீனில் சுற்றி, திறக்காமல் வையுங்கள்.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பழைய எக்ஸ்றே ஆட்கள் வீட்டில் இப்படி அங்கி ஏதும் கிடந்தால், இரும்புக்குப் போடாமல் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். நான் வந்து எடுக்கும்வரை மடிக்காமல் தொங்கவிட்டால் போதும்.