வாஷியிலிருந்து ஜப்பான் போன ஹாபூஸ்

ஜப்பானுக்கு மாம்பழம் அனுப்ப வேண்டும் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், பெட்டி என்ன விலை, விமானக் கூலி எவ்வளவு என்று நான் ஆரம்பிப்பதில்லை. தோட்டக்காரர் யார், மருந்து அடித்த கணக்கை எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்பேன். போன சீசனில் எங்கள் சரக்கு டோக்கியோ போய்ச் சேர்ந்ததில் பாதிக்கு மேல் மகாராஷ்டிரக் கடற்கரையில், ரத்னகிரித் தோட்டத்திலேயே முடிவான விஷயம்.

எங்களுக்குப் பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். தாத்தா காலத்தில் தாராவிக்கு வந்தவர்கள். சித்தப்பாவுக்கு நவி மும்பையில் வாஷி ஏபிஎம்சி மொத்தப் பழ மார்க்கெட்டில் வியாபாரம். ஹாபூஸ் என்கிற அல்போன்சா மாம்பழத்தை டஜன் கணக்கில் வாங்கி, மாட்டுங்கா, செம்பூர் என்று நம்மவர்கள் இருக்கும் இடங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வெளிநாடு என்றால் எப்போதாவது துபாய். டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் ஹாபூஸ் கேட்டபோது, சித்தப்பா சொன்னது இவ்வளவுதான்: "எலே, துபாய்க்கு அனுப்புத மாதிரி நெனச்சுக் கெளம்பிராத. ஜப்பான்காரன் பழத்தப் பாக்க மாட்டான், ஈயத்தான் பாப்பான்."

காகித வேலையில் முதல் கட்டம் அலுப்பே தவிர கஷ்டமில்லை. ஏற்றுமதிக் குறியீட்டு எண், விளைபொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் அரசு அமைப்பான அபெடாவில் பதிவு, தாவரக் காப்புத் துறையின் இணையதளத்தில் கணக்கு. பொறுமையாக உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

தோட்டம்தான் பெரிய வேலை. மாம்பழத்துக்கு முக்கிய எதிரி பழ ஈ. காய் முற்றும் சமயத்தில் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே ஊசி குத்திய அளவுக்கு ஒரு புள்ளி, உள்ளே புழு. ரத்னகிரி இருக்கும் கொங்கண் கரையில் இதற்குத் தாபோலி வேளாண் பல்கலைக்கழகத்தின் 'ரக்ஷக்' பொறியைக் கட்டுகிறார்கள். அதில் மீத்தைல் யூஜினால் தோய்த்த கட்டை இருக்கும். அந்த வாசனைக்கு ஆண் ஈக்கள் வந்து விழும். பொறி கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கிப் புதைக்காத தோட்டத்தில் எத்தனை பொறி கட்டினாலும் ஈ பெருகிக்கொண்டே இருக்கும். அதனால் நான் தோட்டத்துக்குள் நுழைந்ததும் மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன். பெரிய தோட்டக்காரர்கள் இருவரை விட்டுவிட்டு, சின்னத் தோட்டக்காரர் ஒருவரைப் பிடித்ததற்கு அதுதான் காரணம். அவருடைய தரை சுத்தமாக இருந்தது. மருந்துக் கணக்கும் மராத்தியில் தேதிவாரியாக ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருந்தது.

அந்த நோட்டுக்குத் தங்கத்தின் மதிப்பு. ஜப்பானில் 2006 முதல் உள்ள விதிப்படி, தனியாக வரம்பு குறிக்காத எந்த மருந்தின் எச்சமும் 0.01 பிபிஎம்முக்கு, அதாவது பத்து கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கே சர்வசாதாரணமாக அடிக்கும் மருந்து அங்கே சரக்கையே நிறுத்திவிடும். ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும் முன்பே, எதை எப்போது அடித்தார்கள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

பறிக்கிற பக்குவம் 14 ஆனா. ரூபாய்க்கு 16 ஆனா என்ற பழைய கணக்கில் கொங்கணில் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். காய் முற்றியிருக்க வேண்டும், பழுத்திருக்கக் கூடாது. காம்போடு பறித்து, பிறகு காம்பை வெட்டிப் பால் வடியவிட வேண்டும். பால் தோலில் பட்டால் கருகிய தழும்பு விழும். ஹாபூஸுக்கே உள்ள இன்னொரு தலைவலி சாகா. வெளியே பொன்னாக இருக்கும் பழத்தின் உள்ளே சதை வெளுத்துப் பஞ்சு மாதிரி கிடக்கும். இது பூச்சியோ நோயோ இல்லை, பழத்தின் உடற்கூறில் வரும் கோளாறு. தாவரச் சோதனையில் இதனால் தோற்க மாட்டோம், வாடிக்கையாளரிடம் தோற்போம்.

வாஷியில் மாநில வேளாண் சந்தைப்படுத்தல் வாரியத்தின் வளாகத்தில், பழத்துக்குள் இருக்கும் ஈயை ஒழிக்க ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவுக்கு என்றால் 400 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு. ஐரோப்பாவுக்கு 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம். ஜப்பானுக்கு நீராவி வெப்பம்: பழத்தின் நடுச்சதை 47.5 டிகிரிக்கு ஏறி, அதே சூட்டில் 20 நிமிடம் நிற்க வேண்டும். ஹாபூஸ், கேசர், நம் பங்கனபள்ளி உட்பட ஆறு ரகங்களுக்குத்தான் இந்த அனுமதி. கதிர்வீச்சு சுலபமாயிற்றே, அதையே ஜப்பானுக்கும் செய்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. உருளைக்கிழங்கு தவிர கதிர்வீச்சு பட்ட எந்த உணவையும் ஜப்பான் ஏற்பதில்லை.

நீராவி அறையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் பழம் வற்றாமல் சூடேறும். பழங்களின் நடுவே வெப்பமானி ஊசிகளைச் செருகி, கொட்டை வரை சூடு போனதா என்று கணினியில் பார்ப்பார்கள். பெரிய பழத்தின் நடுச்சதை 47.5 தொடும்போது சின்னப் பழம் எப்போதோ அந்தச் சூட்டைத் தொட்டு வெந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரே சுற்றில் ஒரே அளவுப் பழங்களாகப் போட வேண்டும். கலந்து போட்டால் சின்னதெல்லாம் தோல் சுருங்கி, பழுக்காமல் வீணாகும். நாங்கள் எடை பார்த்துத் தனித்தனியாகப் பிரித்தோம். நேரம் பிடித்தது, ஆனால் கழிவு குறைந்தது. சுற்று முடிந்ததும் தண்ணீர் தெளித்து ஆறவைத்து, பூச்சி புகாத வலையடித்த அறைக்குள்தான் பெட்டி கட்ட வேண்டும். ஈ மறுபடி வந்து உட்கார்ந்தால் இத்தனை பாடும் வீண்.

சீசன் தொடங்கும்போது ஜப்பானிலிருந்து தாவரக் காப்பு அதிகாரி வந்து அந்த ஊசிகள் சரியாகக் காட்டுகின்றனவா, வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றியது. கண்ணாடி போலப் பளபளக்கும் பழத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கத்தியால் கீறிப் பார்க்கிறார்களே என்று எரிச்சலும் வந்தது. அப்புறம்தான் ஓகினாவா தீவுகளைப் பற்றிப் படித்தேன். எரிச்சல் போய்விட்டது.

நாம் ரத்னகிரியில் பொறி கட்டிப் பிடிக்கும் அதே கீழ்த்திசைப் பழ ஈ, ஜப்பானின் தென்கோடித் தீவுகளிலும் இருந்தது. மீத்தைல் யூஜினாலும் பூச்சிமருந்தும் தோய்த்த அட்டைத் துண்டுகளைப் போட்டு ஆண் ஈக்களை அழித்தார்கள். ஆண் இல்லாமல் பெண் ஈக்களின் முட்டை பொரியாது. 1986-இல் ஓகினாவாவில் அந்த ஈயே இல்லாமல் போயிற்று. இந்திய மாம்பழத்துக்கு ஜப்பான் கதவடைத்ததும் அதே 1986; மறுபடி திறந்தது 2006-இல்.

அந்த அட்டை வித்தை அடுத்த எதிரியிடம் பலிக்கவில்லை. பாகற்காய், வெள்ளரி, பூசணியைத் தாக்கும் பூசணி ஈ, மீத்தைல் யூஜினாலுக்கு மயங்காது. அதற்கு வேறு வழி பிடித்தார்கள். ஈக்களைத் தொழிற்சாலையில் வளர்த்து, கூட்டுப்புழுப் பருவத்தில் கோபால்ட் 60 கதிரால் மலடாக்கி, ஹெலிகாப்டரில் கொண்டுபோய்த் தீவுதீவாக விட்டார்கள். காட்டு ஈக்கள் மலட்டு ஈக்களோடு கூடி, வம்சம் தேய்ந்தது. ஐயாயிரம் கோடிக்கும் மேற்பட்ட ஈக்களை அப்படி விட்டு, 1993-இல்தான் முடித்தார்கள். அதுவரை ஓகினாவா விவசாயி தன் பாகற்காயைத் தன் நாட்டின் மற்ற பகுதிக்கே தாராளமாக அனுப்ப முடியாது. பழத்தில் கதிர் படக் கூடாது என்கிறவர்கள் ஈயின் மேல் கதிரைப் பாய்ச்சித்தான் ஜெயித்தார்கள் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

முடிந்தது என்றும் சொல்ல முடியாது. 2024-இல் பூசணி ஈயின் உறவுக்கார ஈ ஒன்று ஓகினாவாவின் வடபகுதியில் தட்டுப்பட்டது. 2025 ஏப்ரலில் அவசரக் கட்டுப்பாடு போட்டு, சோதிக்காத காய்களை அங்கிருந்து வெளியே கொண்டுபோகத் தடை விதித்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் பாகல் போடாதீர்கள் என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று. இந்தியாவிலும் இருக்கும் ஈ அது. இவ்வளவு பாடுபட்டவர்கள் என் பெட்டியைக் கீறிப் பார்க்காமல் விடுவார்களா?

இதைப் படித்த பிறகு என் வேலை முறையே மாறியது. அழகான பழத்தைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, சந்தேகமான பழத்தைக் கழிக்க ஆரம்பித்தோம். காம்படியில் கறுப்பு, சின்னப் புள்ளி, கொஞ்சம் மெத்தென்ற இடம், எதுவாயிருந்தாலும் உள்ளூர் மார்க்கெட்டுக்குத் தள்ளினோம். கழித்ததில் சிலவற்றை நானே வெட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் நல்ல பழம்தான். சித்தப்பாவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் சோதனை மேசையில் ஒரு புழு கிடைத்தால் போவது ஒரு பழமல்ல, மொத்தச் சரக்கும்.

சோதனையில் புழு எதுவும் கிடைக்கவில்லை. சிக்கல் காகிதத்தில் வந்தது. பைட்டோ என்று நாங்கள் சொல்லும் தாவர நலச் சான்றிதழில், சிகிச்சையின் வெப்பநிலை, நேரம், தேதி, பெறுபவரின் முகவரி எல்லாம் மற்ற ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எங்கள் ஏஜென்ட் தயாரித்த இன்வாய்ஸில் கடையின் முகவரி பழையது. சாயங்காலம் விமானம். பக்கத்து மேசையில் வேறொரு கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் எட்டிப் பார்த்து, "தம்பி, பைட்டோவை மாத்தச் சொல்லாத, நாள் போயிரும். அதுல இருக்கதுதான் சரி. இன்வாய்ஸ மாத்து" என்றார். அப்படியே செய்தோம். 2025 மே மாதம் நவி மும்பையிலிருந்து அமெரிக்கா போன 15 சரக்குகள் அங்கே நிராகரிக்கப்பட்டதும் பழத்துக்காக இல்லை, படிவத்துக்காக. அந்தச் செய்தியைப் படித்தவன் என்பதால் பெட்டிகள் கார்கோ வாசலைத் தாண்டும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

டோக்கியோவின் நரிதா விமான நிலையத்திலும் ஒருமுறை பார்த்து விட்டுவிட்டார்கள். கடைக்காரர் இரண்டு பழத்தில் சாகா இருந்ததாகச் சொல்லி அந்தக் காசைக் கழித்துக்கொண்டார், நியாயம்தான்.

லாபம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். நீராவி அறை நிறையாவிட்டால் செலவு முழுவதும் நம் தலையில்தான் விழும். எங்கள் சரக்கு அறையின் ஒரு மூலைக்குத்தான் வந்தது. அதனால் இந்த வருடம் அந்த அண்ணாச்சி வேலை பார்க்கும் கம்பெனியோடு பேசி, ஒரே அளவுப் பழமாகச் சேர்த்து ஒரே சுற்றில் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. தோட்டக்காரரிடமும் பூ விடும்போதே பேசிவிட்டேன். நோட்டு இரண்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஒன்று மருந்துக்கு, ஒன்று பொறியில் விழுந்த ஈக்களை வாரவாரம் எண்ணி எழுத.