செட்டப் கோப்பைப் பொதியாக்கும் வாரம்

ஜூன் 2, 2025, திங்கள்

பொதியாக்க, அதாவது அலுவலகக் கணினிகளில் ஆள் தலையிடாமல் நிறுவும்படி தயார் செய்ய, வந்தது ஒரே ஒரு இஎக்ஸ்இ. எந்தக் கருவியில் கட்டியது என்று தெரியாமல் சைலன்ட் ஸ்விட்ச் (கேள்வி கேட்காமல் நிறுவச் சொல்லும் கட்டளைக் குறி) தேடுவது வீண். 7-ஜிப்பில் திறந்தால் உள்ளே $பிளகின்ஸ்டிர் ஃபோல்டர் இருக்கிறது. ஆக, என்எஸ்ஐஎஸ் என்ற செட்டப் கட்டும் கருவி.

இதற்கு ஸ்விட்ச் /எஸ். ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சின்ன எழுத்தில் அடித்தால் பிழை எதுவும் வராது, விஸார்டு சாதாரணமாகத் திறந்துகொள்ளும். விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடும்போது அந்த ஜன்னல் யார் கண்ணிலும் படாது. 'நெக்ஸ்ட்' அழுத்த ஆளில்லாமல், நிரல்களைக் கணினிகளுக்கு அனுப்பும் மைக்ரோசாஃப்ட் சேவையான இன்ட்யூன் வைத்திருக்கும் 60 நிமிடக் கெடு தீரும்வரை காத்துக் கிடக்கும். நிறுவும் இடத்தைச் சொல்லும் /டி= வரியின் கடைசியில் வர வேண்டும். பாதையில் இடைவெளி இருந்தாலும் மேற்கோள் குறி கூடாது. அதுவரை பழகிய எல்லாவற்றுக்கும் நேர்மாறு!

ஜூன் 3, செவ்வாய்

இன்ட்யூன் ஓட்டுவது சிஸ்டம் கணக்கில், அட்மின் லாகினில் ஓடியது சோதனையாகாது. பிஎஸ்எக்ஸெக் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியை -எஸ் -ஐ போட்டு சிஸ்டம் கணக்கில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஓட்டியதும் இரண்டு கோளாறு வெளிப்பட்டது.

லைசென்ஸ் கோப்பு இசட் டிரைவில் இருந்தது. அது பயனர் லாகினில் மேப் ஆவது, சிஸ்டம் கணக்குக்கு அப்படி ஒரு டிரைவே கிடையாது. கோப்பைப் பொதிக்குள்ளேயே வைத்தாயிற்று.

அடுத்தது விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி. கணினியில் ஓடும் இன்ட்யூன் ஏஜென்ட் 32-பிட். அது கூப்பிடும் பவர்ஷெல்லும் 32-பிட்டாகவே எழும். லோக்கல் மெஷின் சாஃப்ட்வேர் கிளையில் எழுதியது 32-பிட் நிரல்களுக்கான வாவ்6432நோடுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள, 64-பிட் நிரல் அதைப் பார்க்கவே இல்லை. பவர்ஷெல்லை, 64-பிட் பதிப்பைத் தரும் சிஸ்நேட்டிவ் பாதை வழியாகக் கூப்பிட்டதும் சரியானது.

ஜூன் 4, புதன்

கூடவே வரும் டேட்டாபேஸ் டிரைவர் எம்எஸ்ஐ, அதாவது விண்டோஸ் இன்ஸ்டாலர் கோப்பு. புது விர்ச்சுவல் மெஷினில் 1603 என்ற பிழை எண். இந்த எண் 'ஏதோ தப்பு' என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. /எல்*வி போட்டு லாக் எடுத்து, 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்ற இடத்தைத் தேடி, அதற்கு மேலுள்ள வரிகளைப் படிக்க வேண்டும். அங்கே 1723: கஸ்டம் ஆக்‌ஷனின் டிஎல்எல் (நிறுவும்போது கூடுதல் வேலை செய்யும் துணைக் கோப்பு) ஓடவில்லை. அதற்குத் தேவையான விஷுவல் சி++ ரன்டைம் (பொது நூலகக் கோப்புகள்) இல்லாததுதான் காரணம். டெவலப்பர் கணினியில் அது எப்போதும் இருக்கும், அதனால் அங்கே சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டாது.

ரன்டைமைத் தனிப் பொதியாக்கி டிபெண்டென்சியாக, அதாவது முதலில் நிறுவ வேண்டியதாக, இணைத்தாயிற்று. கணினியில் அதைவிடப் புதிய ரன்டைம் ஏற்கெனவே இருந்தால் 1638 திரும்பி வரும். இன்ட்யூனின் ரிட்டர்ன் கோடு பட்டியலில் அதை வெற்றி என்று சேர்க்காவிட்டால் நல்ல கணினிகளும் சிவப்பில் நிற்கும். 3010 தோல்வி அல்ல, ரீஸ்டார்ட் பாக்கி என்று பொருள்.

ஜூன் 5, வியாழன்

டிடெக்‌ஷன் ஸ்கிரிப்ட்: நிரல் நிறுவப்பட்டதா என்று இன்ட்யூனுக்குச் சொல்வது. வின்32_ப்ராடக்ட் என்ற டபிள்யூஎம்ஐ (விண்டோஸிடம் தகவல் கேட்கும் வசதி) கிளாஸைத் தொடவே கூடாது. பெயர் கேட்கப் போனால், நிறுவியுள்ள ஒவ்வொரு எம்எஸ்ஐயையும் சரிபார்க்கத் தொடங்கி, சிலதை ரிப்பேரும் செய்துவிடும். அன்இன்ஸ்டால் ரெஜிஸ்ட்ரி கீயைப் படித்தாலே போதும். கண்டுபிடித்தால் ஸ்கிரிப்ட் ஒரு வரியாவது அச்சிட்டு, 0 உடன் முடிய வேண்டும். வெறும் 0 மட்டும் வந்தால் 'நிறுவப்படவில்லை' என்றே இன்ட்யூன் கொள்ளும்.

டிரைவரின் புதுப் பதிப்பிலும் ஒரு பொறி: 4.2.1.10 போய் 4.2.1.15. எம்எஸ்ஐ முதல் மூன்று எண்களை மட்டுமே ஒப்பிடும், அதற்கு இரண்டும் ஒன்றுதான். ப்ராடக்ட் கோடு (எம்எஸ்ஐயின் அடையாளக் குறியீடு) மட்டும் மாறியிருந்ததால் பட்டியலில் இரண்டு டிரைவர். பழையதைக் கழற்றும் வரியை முன்னால் சேர்த்தாயிற்று.

ஜூன் 6, வெள்ளி

அன்இன்ஸ்டால் ஒரு நொடியில் 'வெற்றி' என்றது, ஃபோல்டர் அப்படியே இருந்தது. என்எஸ்ஐஎஸ் அன்இன்ஸ்டாலர் தன்னை டெம்ப் ஃபோல்டருக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓடும். கூப்பிட்ட கோப்பு உடனே முடிந்துவிடும். கடைசியில் _?= போட்டு நிறுவிய பாதையைக் கொடுத்தால் நகலெடுக்காமல், வேலை முடியும்வரை நிற்கும். இதற்கும் மேற்கோள் குறி இல்லை. ஆனால் அப்போது அன்இன்ஸ்டாலர் தன்னைத்தானே அழித்துக்கொள்ள முடியாது. அந்தக் கோப்பையும் காலி ஃபோல்டரையும் அடுத்த வரியில் நாமே நீக்க வேண்டும்.