ஊசிக்கு அப்புறம்தான் பாதி வேலை

ஜூன் 9, 2024

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம் நடத்தும் நாய்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சைச் சான்றிதழ் படிப்பில் சேர்ந்துவிட்டேன். ஒரத்தநாடு பக்கம் மாடு பார்க்கிற டாக்டருக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்கவும், மருந்து கொடுக்கவும், அறுத்துத் தைக்கவும் கல்லூரியில் நன்றாகவே கற்றுக்கொண்டேன். தையல் பிரித்த பிறகு அந்தக் கால் மறுபடி எப்படி நடக்கும்? அதைத்தான் இனி படிக்கப்போகிறேன்.

ஜூன் 21

தஞ்சாவூரிலிருந்து ஒரு டாஷண்ட் நாய் வந்தது, நீள முதுகும் குட்டைக் காலும் கொண்ட இனம். முதுகுத்தண்டில் டிஸ்க் பிதுங்கி இரண்டு பின்னங்காலும் விழுந்துவிட்டன. விரலைக் கிடுக்கியால் அழுத்தியதும் காலை இழுத்துக்கொண்டது, வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் கால் இழுப்பது வெறும் அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம், வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று முகத்தைத்தான் பார்க்க வேண்டும். மறுபடி அழுத்தினேன். திரும்பி என் கையைப் பார்த்துக் கத்தியது. எனக்கு உயிர் வந்தது.

அறுவை சிகிச்சைக்குச் சென்னை போக அவர்களுக்கு வசதியில்லை. சரி, குறைந்தது நான்கு வாரம் கூண்டில் ஓய்வு, வலி மருந்து, மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டுவது, தானாகப் போக முடியாததால் அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுவது. கடைசியாகச் சொன்னதை அந்த வீட்டு அக்கா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 2

கன்று போட்ட மாடு எழுந்திருக்கவில்லை என்று விடியற்காலையில் போன். பால் காய்ச்சல்தான், பெயர்தான் காய்ச்சல், உண்மையில் ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோவது. கால்சியம் ஏற்றினேன், தலை நிமிர்ந்தது, எழவில்லை. இத்தனை எடையும் ஒரே பக்கம் அழுத்திக்கொண்டு கிடந்தால் அடியில் இருக்கும் தசையும் நரம்பும் செத்துப்போகும். அதனால் மணல் கொட்டி மெத்தை போடச் சொன்னேன், சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கவும் சொன்னேன். அங்கிருந்த பாட்டி, "இது தெரியாதா டாக்டரம்மா" என்றபடியே நெஞ்சுக்கு முட்டாக வைக்கோல் கட்டை ஏற்கெனவே நகர்த்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் முன்னங்காலை ஊன்றியது. மறுநாள் காலையில் நின்றது.

ஜூலை 20

இன்று ஒரு மடிநோய். கால்நடைகளுக்கான மூலிகை வைத்தியத்தில் பெயர்பெற்ற பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறைதான்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், அரைத்த விழுதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து, கறந்து கழுவிய மடியில் ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை பூச வேண்டும். தேசிய பால்வள வாரியமும் இதை விவசாயிகளிடம் கொண்டுபோகிறது. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் பாலைப் பரிசோதிக்காமல் தொடங்க மாட்டேன், காய்ச்சல் அடித்துத் தீனியும் எடுக்காத மாட்டுக்கு ஆண்டிபயாடிக் போடத் தயங்கவும் மாட்டேன். "மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்ற பேச்சைக் கேட்டால்தான் கோபம் வருகிறது. வீட்டு வைத்தியம் என்று வெங்காயம் பூண்டு கொடுத்தால் நாய்க்கு ரத்தச் சிவப்பணுக்களே உடையும். முழுமையான வைத்தியம் என்றால் ஆய்வுக்கூடமும் அதற்குள் அடக்கம்.

ஆகஸ்ட் 18

டாஷண்ட் பம்புசெட் தொட்டியில் நின்றது! இந்தப் பயிற்சிக்கென்று உள்ள, தண்ணீருக்கு அடியில் ஓடும் டிரெட்மில்லுக்கு இங்கே எங்கே போவது? தொட்டிதான். தண்ணீர் இடுப்பு மட்டத்துக்கு இருந்தால் கால்கள் தாங்க வேண்டியது உடல் எடையில் சுமார் 38 சதவீதம்தான், முழங்கால் மட்டத்துக்கு இறக்கினால் 85. அதனால் நிறைய தண்ணீரில் தொடங்கி வாரா வாரம் குறைக்கலாம். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துப் பிடித்திருந்தேன், வலது பின்னங்கால் பாதம் மடங்காமல் நேராக ஊன்றியது, இடது இன்னும் இழுக்கிறது. அடுத்து தரையில் குச்சிகளை வரிசையாக வைத்துத் தாண்ட வைக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்கென்று தஞ்சாவூரில் வாடகைக்கு இடம் தேடுகிறேன். தரைத்தளமாக இருக்க வேண்டும், டைல்ஸ் கூடாது, வழுக்கும்.