சென்னை வீட்டில் செல் ஓவியங்கள்

பழைய சூப்பர் ஹீரோ கார்ட்டூனின் அசல் செல் (படமெடுப்பதற்காக உருவங்களை வரைந்து வண்ணம் தீட்டிய, அசிடேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) கைக்கு வந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம் இருக்க வேண்டும். விளிம்பில் மூன்று துளைகள்: நடுவில் வட்டம், இருபுறமும் நீளவாக்கில். கேமராவுக்குக் கீழே தாள் அசையாமல் பிடித்தவை அவை. மூலையில் வரிசை எண். துளை இல்லாததாலேயே போலி என்று ஒதுக்க வேண்டாம், ஃபிரேம் போடும்போது நறுக்கியிருக்கலாம். ஆனால் செரிசெல் என்று விற்பது அச்சடித்த பிரதி, படப்பிடிப்பையே பார்க்காதது. அசலின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

பின்னணி ஓவியத்தில்தான் ஏமாற்று அதிகம். ஒரே பின்னணியின் மேல் பல செல்களை வைத்துப் படமெடுத்ததால் அசல் பின்னணிகள் குறைவு. பெரும்பாலும் கலர் ஜெராக்ஸ்தான் வரும். 1992 பேட்மேன் தொடரின் பின்னணிகளைப் பெரும்பாலும் கறுப்புத் தாளில் தீட்டினார்கள். வெள்ளை அட்டையில் வந்தால் கேள்வி கேளுங்கள்.

அடுத்து, முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்துச் செல்லையும் கெடுக்கும். தனியே பிரித்துக் காற்றோட்டமாக வையுங்கள். இறுக மூடிய பிளாஸ்டிக் உறை ஆவியை உள்ளேயே அடைத்துவிடும்.

சென்னையில் எல்லோரும் கடற்காற்றின் ஈரத்துக்குப் பயப்படுகிறார்கள். அதே அளவு கொடுமை, இரவில் ஏசி போட்டுக் காலையில் அணைப்பது. ஈரம் ஏறி இறங்கும்போது அசிடேட்டும் வண்ணமும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. தினமும் இந்த இழுபறி நடந்தால் வண்ணம் வெடித்துச் செதில் செதிலாக எழும்பும். நாள் முழுக்க 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாதென்றால், படுக்கையறையை விட வெயில் படாத உள்ளறையே மேல். ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் கூடவே கூடாது. சின்ன டப்பாவில் கைப்பிடி சிலிகா ஜெல்லைக் கொட்டி மூடுவதும் தப்பு: அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் வண்ணம் பெயரும். தரைத்தள வீடென்றால் மேல்தட்டில் வையுங்கள்; 2015 டிசம்பர் வெள்ளம் மறக்கக்கூடியதல்ல.

மேலே வைத்த காகிதம் வண்ணத்தோடு ஒட்டிக்கொண்டால் உரிக்கவே உரிக்காதீர்கள், வண்ணமும் கூடவே வந்துவிடும். அமெரிக்காவில் கலைப்பொருள் பாதுகாப்பை ஆராயும் கெட்டி கன்சர்வேஷன் இன்ஸ்டிட்யூட் டிஸ்னி செல்களை ஆராய்ந்தபோது, ஈரப்பதத்தைக் கட்டுப்பாட்டோடு உயர்த்திப் பெயர்ந்த வண்ணத்தை மீண்டும் படியவைக்கும் வழியைச் சோதித்தார்கள். அது ஆய்வுக்கூட வேலை. இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பார்க்காமல், காகிதம் ஒட்டியபடியே தட்டையாக வைத்து, காகித ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.