ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஆலை

டெலிபோன் கேபிள் செய்த ஹிந்துஸ்தான் கேபிள்ஸ் நிறுவனம் ஏன் மூடப்பட்டது என்று கேட்டால், "செல்போன் வந்துருச்சுல்ல" என்று முடித்துவிடுகிறார்கள். பாதி சரி. மீதியைப் புரிந்துகொள்ள டெலிபோன் கேபிள் எப்படித் தயாராகிறது என்று பார்க்க வேண்டும்.

1952-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் அது. முதல் ஆலை மேற்கு வங்கத்தில், சித்தரஞ்சனை ஒட்டிய ரூப்நாராயண்பூரில். பிறகு ஹைதராபாத், அலகாபாத் பக்கம் நைனி. ஆரம்பத்தில் செய்தது காகிதம் சுற்றி ஈய உறை போட்ட டிரை கோர் கேபிள். உறையில் ஒரு விரிசல் விழுந்தால் காகிதம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், வரிசையாக லைன்கள் படுக்கும். அதற்கு மாற்றாக வந்ததுதான், தண்ணீர் புகாதபடி உள்ளே ஜெல்லி நிரப்பிய ஜெல்லி கேபிள்.

8 மி.மீ. செம்புக் கம்பியை 0.5 மி.மீ.க்கு இழுக்க வேண்டும். குறுக்குப் பரப்பு 256 மடங்கு சுருங்குகிறது. கம்பியைத் துளைக்குள் இழுத்து மெலிதாக்கும் அச்சுக்கு டை என்று பெயர். ஒரு டைக்கு 20 சதவீதம் பரப்பைக் குறைத்தால் ஏறக்குறைய 25 டை தேவை. ஒரு டை தேய்ந்தாலோ, இழுக்கும்போது வழுக்கவிடும் எமல்ஷன் திரவம் கெட்டாலோ கம்பி அறுந்துகொண்டே இருக்கும். இழுபட்டு விறைத்த கம்பியைச் சூடாக்கி (அனீலிங்) இளக்கி, சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடருக்குள் விட்டுப் பாலிஎதிலீன் பூச வேண்டும். கம்பி குளிர்ந்து போனால் பூச்சு சரியாகப் பிடிக்காது. ஜாயின்ட் போட வெட்டும்போது பிளாஸ்டிக் பின்வாங்கிச் செம்பு வெளியே தெரியும்.

பிறகு இரண்டிரண்டு கம்பியாக ஜோடி சேர்த்து முறுக்க வேண்டும். எந்த ஜோடி எது என்று அடையாளம் காண பூச்சுக்கு நிறம் உண்டு. வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா ஒரு பக்கம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் மறுபக்கம். ஐந்தைந்து 25 ஜோடி. அருகருகே வரும் ஜோடிகளுக்கு முறுக்கு நீளம் வேறுவேறாக இருக்க வேண்டும். ஒன்றாகிவிட்டால் பக்கத்து லைன் பேச்சு இதில் கேட்கும். அப்புறம் சூடான ஜெல்லி, அலுமினிய டேப், கருப்பு உறை.

எக்ஸ்ட்ரூடர் அடிக்கடி நிற்பதுதான் பெரிய தொல்லை. நின்றால் பீப்பாய்க்குள் பிளாஸ்டிக் கருகிக் கட்டி தட்டும். மறுபடி ஓட்டும்போது அந்தக் கட்டி பூச்சில் ஊசித்துளையாக வரும், பூச்சில் ஓட்டை இருக்கிறதா என்று மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கும் ஸ்பார்க் டெஸ்டர் அலறும். அளவும் ஓட்டமும் நிலைக்கு வரும்வரை இழுப்பதெல்லாம் ஸ்கிராப். செம்பைக் காசாக்கலாம். பிளாஸ்டிக்கும் கூலியும் மின்சாரமும் திரும்பி வராது.

ஆகவே ஆலை நிற்காமல் ஓட, இந்தத் தொழிலில் மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு வரக் கூடாது. 100 ஜோடி, 0.5 மி.மீ. கேபிள் ஒரு கிலோமீட்டருக்குச் செம்பு மட்டுமே சுமார் 350 கிலோ. கையில் காசில்லாத ஆலைக்கு அத்தனை செம்பு எங்கிருந்து வரும்? ஹிந்துஸ்தான் கேபிள்ஸின் பிழைப்பு பெரும்பாலும் தொலைத்தொடர்புத் துறையையும், அதிலிருந்து பிரிந்த அரசு டெலிபோன் நிறுவனங்களான பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல்.லையும் நம்பி இருந்தது. அவர்களோ ஃபைபருக்கும் வயர்லெஸ்ஸுக்கும் நகர, செம்புக் கேபிள் ஆர்டர் வற்றியது. மின்கம்பி, கட்டுப்பாட்டு கேபிள் என்று முன்கூட்டியே பரவியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கம்பி இழுக்கும் பிரிவின் வேலை அங்கேயும் ஏறக்குறைய இதேதான்.

2003 ஜனவரியிலிருந்து உற்பத்தி இல்லை. மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததோ 2016 செப்டம்பரில். அதற்கு ஒதுக்கிய தொகுப்பு 4,777 கோடி ரூபாய். அதில் ரொக்கம் சுமார் 1,310 கோடி, மீதி கணக்கில் நேர் செய்தது.