எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலி: சென்னையில் சிகிச்சைக்கு அலைகிறவர்களுக்கு

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் புற்றுநோய் வந்தவருக்கு இரவில் படுத்த பிறகும் விடாமல் முதுகோ இடுப்போ வலித்தால், வாயு என்று தள்ளிப்போடாதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும் எலும்புக் கட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே அரித்துப்போன எலும்பு அந்த அழுத்தத்துக்கே முறியலாம்.

டாக்டரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. பத்துக்கு எத்தனை என்று, படுத்திருக்கும்போது தனியாக, நடக்கும்போது தனியாகச் சொல்லுங்கள். காலை ஊன்றும்போது தொடை குத்தினால் எலும்பு முறியும் நிலையில் இருக்கலாம். எக்ஸ்ரே பார்த்து எலும்பு டாக்டர் சொல்லும்வரை அந்தக் காலில் பாரம் வைக்கக் கூடாது.

மார்பின் (morphine) என்ற வலி மருந்தின் பெயரைக் கேட்டதும் "கடைசிக் கட்டமா?" என்று வீடே கலங்கிப்போகிறது. அந்தப் பயத்தில் மாத்திரையை ஒளித்துவைத்து நோயாளியைத் துடிக்க விடுவதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. கடும் வலிக்கு எந்தக் கட்டத்திலும் கொடுக்கிற மருந்து அது. மெதுவாகக் கரையும் வகை அல்லாத சாதாரண மார்பின் மாத்திரை என்றால் வலி வரக் காத்திருக்காமல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. பெரும்பாலும் 5 முதல் 10 மி.கி.யில் தொடங்குவார்கள், முதியவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவாக. இடையில் கிளம்பும் வலிக்குத் தனி டோஸ் எழுதி வாங்குங்கள்: நாள் மொத்தம் 60 மி.கி. என்றால் சுமார் 10. ஸ்கேனுக்கு ஆட்டோவில் ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன் அதைக் கொடுத்தால் ஸ்பீட் பிரேக்கர்கள் அவ்வளவு வதைக்காது. குமட்டலும் தூக்கமும் சில நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. மலமிளக்கியை முதல் நாளே கேளுங்கள். தெரு மெடிக்கலில் மார்பின் தேடி அலைய வேண்டாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போல அனுமதி பெற்ற இடங்களில்தான் கிடைக்கும். பொங்கல் விடுமுறைக்கு முன்பே கையிருப்பை எண்ணிப் பாருங்கள்.

ரேடியேஷனுக்கு, "ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) போதுமா?" என்று கேளுங்கள். எலும்பு முறிவு, தண்டுவட நெருக்கம் போன்ற சிக்கல் இல்லாத எலும்பு வலியைத் தணிப்பதில் அது பத்து நாள் சிகிச்சைக்கு ஈடானது. சிலருக்குப் பின்னால் மறுபடி தேவைப்படலாம். முதல் சில நாள் வலி கூடலாம், பலன் முழுதாகத் தெரிய 4 வாரம்கூட ஆகலாம். அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எலும்பு அரிப்பைக் குறைக்கும் சோலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி. டிரிப் போடும் முன் கிரியாட்டினினும் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) பல் டாக்டரும் முக்கியம். எடுக்க வேண்டிய பல்லை முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

கால் மரத்துத் தள்ளாடுவது, சிறுநீர் அடைப்பது, வயிற்றைச் சுற்றிப் பெல்ட் இறுக்கியது போன்ற வலி: தண்டுவடம் நெருக்கப்படலாம். ஓ.பி. தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே எமர்ஜென்சிக்குப் போய் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்களுக்குத்தான் தொடர்ந்து நடக்கும் வாய்ப்பு அதிகம்.